ரெண்டு பேர்ட பாஸ்வேர்ட்

திங்கள், 4

கச்சான் காத்து. மண்முனைப் பாலத்தில ஸ்கூட்டியை நேராப் பிடிக்க ஒண்ணா. கொக்கட்டிச்சோலை விவசாயச் சங்கத்தில வேலை. எந்த வயல் வட்டைக்கு எண்டைக்குத் தண்ணி எண்டு வயல்காரர் எல்லார்ட போனுக்கும் செய்தி போகவேணும். முழுக்க நான் எழுதின புரோகிராம். சனிக்கிழமை முதல் தண்ணி.

செய்தி அனுப்புற கம்பெனிக்குப் பாஸ்வேர்ட் வைக்கிற நேரம் பெரிய கூத்து. கோயில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு, ரெண்டு பேர்ட கையில சாவி. இதுக்கும் அப்பிடித்தானாம். முதல் பாதி தலைவர் (த.), மற்றப் பாதி செயலாளர் (செ.). மச்சான்மார்தான், ஆனா ஆளையாள் நம்பாதுகள். முதல்ல கம்பெனிட வெப்சைட்டில அடிச்சாங்க. மறுகா என்ட கொன்பிக் பைலில; புரோகிராம் பாஸ்வேர்டை வாசிச்சு எடுக்கிறது அதிலதான். நான் யன்னல் பக்கம் கிறுகி, முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டன். பைலைத் திறந்து பார்க்க மாட்டன் எண்டு சத்தியமும் வாங்கினவங்க.

செவ்., 5

புரோகிராம் ஓடல்ல. ‘பாஸ்வேர்ட் பிழை.’ வெப்சைட்டில அதே ரெண்டு பேரும் அடிச்சா உள்ளுக்குப் போகுது!

த.: “அவன்தான் வேணுமெண்டு பிழையா அடிச்சவன்.”
செ.: “எனக்கென்ன விசரா? இந்தப் பிள்ளை கை வெச்சிருக்குமோ தெரியா.”

எல்லாருக்கும் முன்னால. பத்தி எரிஞ்சிச்சு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்திட்டன். நல்ல பதிலெல்லாம் பாலம் தாண்டினாப் பிறகுதான் வருது. வெள்ளிக்குள்ள சரிவராட்டி என்ட வேலையைக் கொழும்புக் கம்பெனி ஒண்டுக்குக் குடுப்பாங்களாம்.

புதன், 6

மறக்கப்படாது: செத்தல் மிளகாய். அம்மாட கண் மருந்து. ஸ்கூட்டி டயருக்குக் காத்து.

பைலைத் திறந்தா ஒரு நிமிச வேலை. திறக்கல்ல. திறந்தா செ. சொன்னது உண்மையாப் போயிடும். அந்தாளுக்கு அந்தச் சந்தோசத்தைக் குடுக்க மாட்டன்.

வெப்சைட்டில சரி, பைலில பிழை. அப்ப பைல் வாசிக்கிற விதத்திலதான் கோளாறு. பின்னேரம் பிடிபட்டிச்சு. # குறி! பைலில # வந்தா, அதுக்குப் பிறகு இருக்கிறது மனுசருக்கு எழுதின குறிப்பு எண்டு புரோகிராம் விட்டுடும். வேற பைலொண்டில பொய்யா ஒண்டு போட்டுப் பார்த்தன்: nandu#77. nandu மட்டும் போகுது. 'nandu#77' எண்டு மேற்கோள் குறிக்குள்ள போட்டன். முழுக்கப் போச்சு. தனிய இருந்து சிரிச்சன். அம்மா வந்து எட்டிப் பார்த்திட்டுப் போனா.

வியாழன், 7

ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டன், பாஸ்வேர்டில # இருக்கா எண்டு.

செ.: “அதைச் சொன்னாப் பாதியைச் சொன்ன மாதிரித்தானே!”

இதில மட்டும் த.வும் அவர்ட பக்கம். சரி, சொல்லவேணாம். பழைய பைலைத் திறக்காமலே அழிச்சு, புதுசில ரெண்டு மேற்கோள் குறியும் நானே போட்டு, நடுவில அடிக்கச் சொல்லிட்டுக் கிறுகி நிண்டன். செ. சால்வையால ஸ்கிறீனை மூடி, ஒருத்தருக்குப் பின்னால மற்றவர் தலையை உள்ளுக்கு விட்டு அடிச்சாங்க. நான் கண்ணை மூடிக்கொண்டு சேவ் பண்ணினன்.

சோதனைச் செய்தி போச்சு! மூணு பேர்ட போனும் ஒரே நேரம் அடிச்சிச்சு. த. ரெண்டு தரம் வாசிச்சார். செ. சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு போயிட்டார்.

சனி, 9

காலமை ஆறு மணிக்கு எல்லாருக்கும் செய்தி. தேத்தண்ணிக் கடையில ஒராள்: “போன் சொன்ன நேரத்துக்குத் தண்ணி வந்திட்டுடா!” ஆர் செய்தது எண்டு அந்தாளுக்குத் தெரியா. எனக்குத் தெரியும். பெருமைதான், எழுத என்ன வெக்கம்.

ஞாயிறு, 10

செ. ஆரையம்பதிக்கு எங்கட வீடு தேடி வந்தார், கையில தயிர் முட்டி.

“நான் அண்டைக்குச் சொன்னது பிழை, புள்ள. எனக்கு நெஞ்சு வருத்தம். ஒண்டு நடந்தா வேலை நிக்கப்படாது. என்ட பாதியைச் சொல்லுறன், வெச்சிரு. அவனுக்குச் சொல்லாத.”

முதல் எழுத்தே #.

பின்னேரம் த. போன். அவருக்கும் வயசு போகுதாம். அவர்ட பாதியையும் சொன்னார், அவனுக்குச் சொல்லாத எண்டார்.

ஓம் ஐயா எண்டன். இப்ப முழுசும் தெரிஞ்ச ஆள் சங்கத்தில நான் ஒருத்திதான்.