சக்கர நாற்காலி ஏறிய மீன்வீடு

அன்பு மகள் கேரினுக்கு, அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் அரிசோனா வெயிலில் காய்ந்துகொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். போனில் நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம், தெரியும். பக்கவாதம் வந்த அம்மாவை டவுனில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா, இல்லை நீங்களே வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறீர்களா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் அப்பா என்று நீ கேட்கும்போதெல்லாம், மீன்வீட்டு வேலை முடியட்டும், முடியட்டும் என்று தட்டிக் கழித்தேன். போனைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு வராது, உனக்கு வாய் ஓயாது, இரண்டும் சேர்ந்தால் எப்படி முடிவு வரும். அந்த வேலை முடிந்துவிட்டது. போன சனிக்கிழமை அம்மாவை ஏரிக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததைச் சொன்னால்தான் முடிவைச் சொல்லமுடியும், அதனால் பொறுமையாகப் படி. அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள், அவள் எழுவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

உறைந்த ஏரிமேல் இழுத்துப்போய் வைத்து, உள்ளே உட்கார்ந்தபடியே மீன் பிடிக்கும் இந்த மீன்வீடு உனக்குக் கிழவனின் கிறுக்குத்தனம். இருக்கட்டும். போன குளிர்காலம் வரைக்கும் உறைந்த ஏரிமேல் துணிக்கூடாரத்தை விரித்து, ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மீன் பிடித்தவர்கள் நாங்கள். அவள்தான் எப்போதும் என்னைவிட அதிகம் பிடிப்பாள், பிடித்ததோடு விடாமல் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். இப்போது வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வாளியில் எப்படி உட்காருவாள். அக்டோபரில் ஒரு நாள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தபடியே, ஊரே கூடாரத்தைத் தூசி தட்டுது, நீ மட்டும் ஏன் சும்மா உக்காந்திருக்க, என்னைச் சாக்கு சொல்லாத லாய்ட், என்று திட்டினாள். இப்போது வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன, ஆனால் திட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் வேகமாகவே வருகின்றன. மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த நாம் விடுமுறைக்குக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டுபோய்த் தங்கும் பழைய கேம்பர் டிரெய்லரை இழுத்து வந்தேன். சின்னப் பிள்ளையில் நீ அதில் வாந்தி எடுத்தாய் என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை கிடையாது. கூரை இற்றுப்போய், மெத்தைக்குள் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தையும் சக்கரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு கைப்பிடியைச் சுற்றினால் சக்கரங்கள் மேலே ஏறிக்கொள்ளவேண்டும், தரை அப்படியே பனிக்கட்டிமேல் படியவேண்டும், பின்சுவர் முழுவதும் ஒரே கதவு, அதைச் சாய்த்துக் கீழே போட்டால் அதன்மேலேயே நாற்காலியை உள்ளே உருட்டவேண்டும். இவ்வளவுதான் என் திட்டம்.

வெல்டிங் மட்டும் விர்ஜில் செய்து கொடுத்தான். நானும் அவனும் கவுன்டி நிர்வாகத்துக்குச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய காலத்திலிருந்து அவன் எனக்கு ஒத்தாசை செய்வதும் உண்டு, கூடவே நக்கல் அடிப்பதும் உண்டு. ஜன்னல் வெட்டுவதற்கு முன்னால் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, யோவ் லாய்ட், இது மீன்வீடா இல்ல நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து சவப்பெட்டியா, என்றான். உன் அம்மா சமையலறை ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டு, பைபிள்ல வர்ற வெள்ளம் எப்போ வருதாம், ஜோடி ஜோடியா மிருகம் பிடிக்க ஆரம்பிக்கட்டுமா, என்று கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். உண்மையைச் சொல்லவேண்டுமானால் அந்த வேலையைப் பாதித் தூக்கத்தில்தான் செய்தேன் கேரின். இரவில் அவளை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்க எழுவேன், பிறகு கழிப்பறைக்கு, பிறகு மறுபக்கம் திருப்ப, அப்புறம் அவள் இருமுகிறாளா மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். விடிந்தால் குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது. சர்ச்சில் பிரசங்கம் ஆரம்பித்ததும் தூங்கிவிடுகிறேன், பாதிரியார் நல்ல மனுஷர், பார்க்காத மாதிரி இருக்கிறார். ஒரு நாள் துளைபோடும் இயந்திரத்தைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். தரையில் மீன் பிடிக்க வட்டமாகத் துளை வெட்டினேன், குனிந்து பார்த்தால் கீழே மண் தெரியவேண்டிய இடத்தில் டிரெய்லரின் இரும்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அளந்தவனும் நான்தான், வெட்டியவனும் நான்தான். மீனுக்கு வெல்டிங் தெரியும்னு நெனச்சியா, அறுத்துட்டு மேல வரும்னு, என்று விர்ஜில் கேட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளைவுட் துண்டை வைத்து அடைத்துவிட்டு நகர்த்தி வேறு துளை வெட்டினேன். அதற்குப் பிறகு விர்ஜில் நக்கல் அடிப்பதைக் குறைத்துக்கொண்டான், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த வருஷம் ஏரி உறைய மனசே இல்லாமல் கிடந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் நடுவில் கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அப்புறம்தான் குளிர் இறங்கியது, மூக்குமயிர் உறைகிற குளிர். விர்ஜில் போய்த் துளைத்துப் பார்த்து, ஐஸ் கெட்டியாகிவிட்டது, லாரியே போகும் என்று சொன்ன பிறகும் நான் ஒரு வாரம் பொறுத்தேன். அதனால் நாற்காலியோடு அம்மாவை ஐஸ்மேல் கொண்டுபோனீர்களா என்று நீ கத்தவேண்டாம். சனிக்கிழமை காலையிலேயே மீன்வீட்டை இழுத்துக்கொண்டுபோய் இறக்கி, துளைபோட்டு, ஹீட்டரைப் பற்றவைத்துவிட்டு வந்து அவளைக் கூட்டிப்போனேன். அவளுக்கு உடுப்புப் போடவே ஒரு பாடு, காதை மூடும் அந்தப் பழைய குல்லாய்தான் வேண்டும் என்று அடம். லாரியில் தூக்கி உட்காரவைக்கும்போது என் இடுப்பில் ஏதோ சொடுக்கியது, நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவள் கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலி நான் நினைத்த மாதிரியே சாய்த்த கதவின்மேல் ஏறி உள்ளே போனது. அவள் சுற்றிப் பார்த்தாள். குளிர் தடுக்கும் நுரைப்பலகை, பெஞ்சு, ஹீட்டர், அதிலிருந்து நச்சுக்காற்று வந்தால் கத்தும் அலாரம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஜன்னல் கோணலா இருக்கு லாய்ட், என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பரவாயில்ல, மீனுக்குத் தெரியாது, என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன், எனக்கு அது போதும் என்றிருந்தது. சுவரில் அவள் இடதுகை எட்டும் உயரத்தில் நூல் சுற்றிய சுருள் ஒன்று மாட்டியிருந்தேன். மீன் தூண்டிலைக் கவ்வி இழுத்தால் சுருளுக்குள் இருக்கும் குண்டுகள் கடகடவென்று சத்தம் போடும், தூண்டில் கோல் தேவையில்லை, நூலைக் கையால் இழுத்தால் போதும். காபி ஊற்றிக் கொடுத்தேன், மான்கறி சாசேஜை வெட்டிக் கொடுத்தேன். வெளியே காற்று, உள்ளே கதகதப்பு. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன் ஆர்டிஸ், என்றேன். தூங்கு, நான் பாத்துக்குறேன், என்றாள்.

இனி சொல்லப்போவது அவள் சொல்லி எனக்குத் தெரிந்தது. சுருள் சத்தம் போட்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், நான் அசையவில்லை. சரி, கிடக்கட்டும் என்று ஒற்றைக் கையால் நூலை இழுத்து, பல்லால் கடித்துப் பிடித்து, மறுபடி இழுத்து, நம் ஏரியின் பேர்பெற்ற ‘வால்ஐ’ ஜாதி மீன் ஒன்றைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டாள். பெருமை தாங்காமல் கத்தியிருக்கிறாள். அதற்கும் நான் எழவில்லை. அப்போதுதான் பயம் வந்திருக்கிறது. வாயைத் திறந்து, கையைத் தொங்கவிட்டுக் கிடந்தேனாம், மூச்சு விடுவதே தெரியவில்லையாம். அலாரம் சத்தம் போடவில்லை, ஆனால் அதில் நான் பேட்டரி போட்டேனா இல்லையா என்று அவளுக்குச் சந்தேகம். போட்டிருந்தேன், ஆனால் நான் இப்போதெல்லாம் வேலை செய்யும் லட்சணத்தைத் தினமும் பார்க்கிறவள் எப்படி நம்புவாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மீன் பிடிக்கும் துளை, நாற்காலியை உருட்டினால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். போன் என் கோட்டுப் பையில். கதவின் தாழ்ப்பாளோ மேலே. ஆமாம் கேரின், அவளுக்காகவே கட்டிய வீட்டில் தாழ்ப்பாளை என் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறேன். விர்ஜிலின் மீன்வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் அவன் ரேடியோவில் ஹாக்கி ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். லாய்ட், லாய்ட் என்று கத்தித் தொண்டை கட்டிப்போய், காபிக் குவளையை எறிந்திருக்கிறாள், கையுறையை எறிந்திருக்கிறாள், சாசேஜை எறிந்திருக்கிறாள், பழகாத இடதுகைதானே, எதுவும் என்மேல் விழவில்லை. கடைசியில் அந்த மீனைத் தூக்கி எறிந்தாள். அது என் முகத்திலேயே விழுந்தது. உயிருள்ள ஈர மீன். நான் அலறி எழுந்து, என்ன விளையாட்டு இது, பைத்தியமா உனக்கு, என்று கத்தினேன். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அப்பா செத்தபோதுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காபி போடப் போனவள் அவள். குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தாள்.

நான் மண்டிபோட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் செத்துவிட்டதாகவே நினைத்தாளாம். தூங்கிட்டேன், அவ்வளவுதான், என்றேன். அதைத்தான் சொல்றேன், என்றாள். கூப்பிட்டா எழுந்திரிக்காத தூக்கம் அது, நீ தூங்கி எத்தனை நாளாச்சு லாய்ட், நீ இங்க போயிட்டா உன்னைப் பாத்துக்கிட்டே உக்காந்து நானும் போயிடுவேன், யாருக்கும் தெரியாது, என்றாள். தாழ்ப்பாளை நாளைக்கே கீழே இறக்கிவிடுகிறேன், போனை உன் கழுத்தில் மாட்டிவிடுகிறேன் என்று நான் உளறிக்கொண்டே போனேன். இறக்கு, மாட்டு, எல்லாம் செய், ஆனா பிரச்சினை தாழ்ப்பாள் இல்ல, நீதான், என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், அந்த இல்லத்துக்குச் சரின்னு சொல்லிடு. அங்க ஒரு நர்ஸ் தூங்கிப்போனா இன்னொருத்தி முழிச்சிருப்பா. நம்ம வீட்டுல உன்னைத் தவிர யாரு இருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை வந்து இந்தப் பெட்டியில என்னை ஏத்திட்டு வா, மத்த நாளெல்லாம் வீட்டுக்குப் போய் ஒழுங்கா தூங்கு, என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இலையுதிர் காலம் முழுக்க எலும்பு தேய நான் இதைக் கட்டியது அவளை என்னோடு வைத்துக்கொள்ள, அவள் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு போகிறேன் என்கிறாள். அதைச் சொல்லியும்விட்டேன். தெரியும்டா கிழவா, என்றாள். நான் தரையில் கிடந்த மீனை எடுத்து வாளியில் போட்டேன். விர்ஜில் ஆட்டம் முடிந்து வந்து கதவைத் தட்டி, என்ன, முகமெல்லாம் செதிலா ஒட்டியிருக்கே, மீனுக்கு முத்தம் குடுத்தியா, என்று கேட்டான். அம்மா சிரித்தாள். சாயங்காலம் அந்த மீனை வெண்ணெயில் பொரித்துக் கொடுத்தேன், நன்றாகச் சாப்பிட்டாள்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். அவள் போகிறேன் என்று சொன்னதும், கோபம் வருவதற்கு முன்னால் எனக்குள் வந்தது என்ன தெரியுமா, அப்பாடா என்று ஒரு மூச்சு. முழுசாக ஓர் இரவு தூங்கலாம் என்று மனம் ஓடிவிட்டது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. சனிக்கிழமையிலிருந்து அந்த வெட்கம் என்னைவிட்டுப் போகவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே அம்மா பக்கம்தான் பேசுவாய், இதற்கும் என்னைத் திட்டினால் திட்டிக்கொள், திட்டு வாங்கியாவது கொஞ்சம் ஆறும். வாரத்துக்கொரு தடவை வீட்டுக்கு வரும் நர்ஸ் பெண்ணிடம் பேசினேன், நல்ல இடம்தான், ஏரி தெரியும் பக்கம் அறை கேளுங்கள் என்றாள். ஆனால் அவர்களைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருமுறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். உனக்குப் பேச வரும். நீ கூப்பிட்டுச் சொல்லிவிடு, ஏரிப் பக்கம் அறை என்பதை மறக்காமல் சொல்.

சொல்லிவிட்டு நீயும் கிளம்பி வா கண்ணு. லீவு கிடைக்காது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் என்றெல்லாம் சொல்லாதே, ஒரு வாரம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். உன் அரிசோனாச் செருப்போடு வந்து இறங்காதே, அம்மாவின் பூட்ஸ் இருக்கிறது, உனக்குச் சரியாக இருக்கும். வழியில் சாப்பாட்டை விடாதே, போனதடவை மெலிந்து வந்தாய். கடவுள் உன்னையும் உன் வீட்டையும் ஒரு குறையும் வராமல் காப்பாற்றட்டும், உன் பிள்ளைகள் உனக்குக் கடைசிவரை துணையாக இருக்கட்டும். அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க ஆள் வேண்டும் என்று உன்னைக் கூப்பிடவில்லை, அதற்கு விர்ஜில் இருக்கிறான். அவளை அங்கே விட்டுவிட்டு வரும்போது லாரியில் என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அதில் நீ உட்கார்ந்து வரவேண்டும், அதற்குத்தான்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா லாய்ட்