ஐந்து ராணி அறைகள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேரன் உங்களைத் தூங்க விடுகிறானா? போனில் "ம்" என்பதற்கு மேல் நீங்கள் பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் உங்கள் தேன்பெட்டியைத் திறந்தோம். நடுச் சட்டத்தில் தேனீக்கள் புது ராணி வளர்க்க அறைகள் கட்டியிருக்கின்றன, உரிக்காத நிலக்கடலை போல ஐந்து. தேனடையின் கீழ் விளிம்பில் கட்டினால் கூட்டம் பிரிந்து பறக்கப்போகிறது, நடுவில் கட்டினால் வயதான ராணியை மாற்றப்போகிறது என்று சொல்லித் தந்தீர்கள். இவற்றில் மூன்று கீழே, இரண்டு நடுவே. நான் எதை நம்புவது?

உங்கள் தம்பிக்குக் குழப்பமே இல்லை. "எல்லாத்தையும் நறுக்கி எறி. புது ராணி இல்லேன்னா எப்படிப் பிரியும்?" என்றார். ஆனால் பழைய ராணி கண்ணில் படவே இல்லையே. முட்டையும் தெரியவில்லை. நன்றாகப் பார்க்கலாமென்று முகவலையைத் தூக்கினேன், மூக்கில் கொட்டு வாங்கியதுதான் மிச்சம். ராணி ஏற்கெனவே போயிருந்து, இவற்றையும் அறுத்துவிட்டால் பெட்டி நாதியற்றுப் போகும்.

நான் யோசிப்பதற்குள் அவர் கீழே இருந்த ஒன்றை அறுத்துவிட்டார். உள்ளே பால் போன்ற கூழில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீயே பாத்துக்கோ தாயே" என்று இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் கேட்ட கம்பளியை அனுப்பிவிட்டேன். உங்கள் மீதித் துணிகளையும் மடித்துப் பையில் வைத்தேன், பிறகு எடுத்து பீரோவிலேயே அடுக்கிவிட்டேன். பத்தே நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? உங்கள் அறையில் தையல் மெஷினைப் போடலாமா என்று அவர் கேட்டார். காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

"இனிமே அடுப்படிய நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க அண்ணி" என்று அன்றைக்குச் சொன்னேனே, அதை எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? உங்கள் முழங்காலை நினைத்துத்தான் சொன்னேன். அப்படித்தான் என்று நினைக்கிறேன். எனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை.

நேற்று சாப்பிடும்போது, "ஒரே பெட்டியில ரெண்டு ராணி ஒத்துப்போகுமா?" என்று உங்கள் தம்பி சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துத் தட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சில சமயம் பழையதும் புதியதும் கொஞ்ச காலம் ஒரே அடையில் சேர்ந்தே இருக்கும் என்று நீங்கள் ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். அது கண்ணால் பார்த்ததா, இல்லை என் மனசுக்காகச் சொன்னதா?

மீதி நான்கையும் தொடவில்லை, யாரையும் தொடவிடவும் மாட்டேன். அவை திறப்பதற்குள் வந்துவிடுங்கள். எது போகிறது, எது இருக்கிறது என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை அண்ணி.

பேரனுக்கு என் முத்தங்கள். ராத்திரியில் கம்பளியைக் காலுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
தம்பி மனைவி