பஞ்சு வைத்த ஹெட்போன்

என் வாயாடிக்கு,

நான் சுகம். அத்தையின் முட்டிவலி தேவலையா?

மலிவாக வாங்கிய ஹெட்போனில் உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அதைப் பிரித்துப் பஞ்சு வைத்து, பின்பக்க ஓட்டைகளில் டேப் ஒட்டினேன். நீ திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுப் போட்டுத்தான் சரிபார்த்தேன். பிரித்ததில் அறுந்த ஒயரைப் பற்றவைத்தபோது விரலில் லேசாகச் சூடு பட்டது, அவ்வளவுதான்.

அறையில் கூட இருக்கும் வெல்டர் அதில் பாட்டு கேட்டுவிட்டு, "என்னப்பா, தாளமே கேக்கல! கெடுத்து வெச்சிருக்கியே!" என்றார். பாட்டுக்காகவா செய்தேன்?

அடுத்த தடவை ஃபேனை நிறுத்தாமல் பேசு. அதன் கிரீச் சத்தமும் கேட்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும். அந்த மெசேஜில் "அவ்ளோதான், எனக்கு வேலை கிடக்கு" என்று சொன்ன பிறகும் நாலு விநாடி நீ ரெக்கார்டிங்கை நிறுத்தாமலே இருந்திருக்கிறாய். அதில் உன் மூச்சு இப்போதுதான் எனக்குக் கேட்டது.

உன்னவன்