ஓடையில் இறங்கிய வெள்ளை

என் வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். நீயும் மகளும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அடுத்த வீட்டுத் தையல்காரி. மகள் படித்துக் காட்டும்போது எழுந்து போய்விடாதே. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய்; அதனால்தான் கடிதம்.

உன் கால்வெடிப்பு ஆறிவிட்டதா? நான் வைக்கும் குழம்பைப் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. அது கிடக்கட்டும்.

நீ கிளம்பிய அன்று சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "ஊரு அழுக்கையெல்லாம் போக்க சலவைச் சோடா ஆக்குறீங்க, நம்ம ஓடையைச் சுண்ணாம்புக் கரைசலாக்கிட்டீங்க. கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியல. அந்த ஓடையில ஒரு கொக்கு வந்து நிக்கட்டும், நானும் வந்து நிக்கிறேன்" என்றாய். ஆலைச் சூளையில் சுண்ணாம்புக்கல் சுட்டே நரைத்தவன் நான். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

நீ போன பிறகு ஆலைக்காரர்கள் கழிவை ஓடையில் விடாமல் தொட்டியில் தெளியவைக்கிறார்கள் என்று போனில் முன்பே சொன்னேன். நீ நம்பவில்லை. அதன்பின் இரண்டு மழைக்காலம் ஓடையைக் கழுவிவிட்டது.

நேற்றுக் காலை தையல்காரி ஓடி வந்தாள். "மாமா, ஆலைக்காரங்க கழிவுக் குழாயைத் திறந்துட்டாங்க! வளைவுல ஓடை வெள்ளையாக் கிடக்கு" என்றாள். தெருவே திரண்டு ஆலை வாசலுக்குப் போனது. குழாயைத் திறக்கவே இல்லை என்று மேலாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நாங்கள் கேட்கவில்லை, அவரையும் ஓடைக்கு இழுத்துப் போனோம். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மைதான், வளைவு முழுக்க வெள்ளை.

சேறு இறுகிவிட்டதா என்று பார்க்கக் கல்லை எறிவது சூளைக்காரன் வழக்கம். எறிந்தேன். வெள்ளை அப்படியே எழுந்து பறந்தது!

அத்தனையும் கொக்கு. ஒன்றின் அலகில் மீன் துடித்தது. மேலாளர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். "கல்லை எறிஞ்சு விருந்தாளியை வரவேற்கிற ஊரு" என்று அவர் சொன்னதும், சண்டைக்கு வந்த கூட்டம் சிரித்துச் சிரித்து வீடு திரும்பியது.

கிணறு இன்னும் கொஞ்சம் கரிக்கிறது; மறைக்கமாட்டேன். குடிக்கத் தெருக்குழாய் இருக்கிறது.

நீ கேட்டது ஒரு கொக்கு. கல்லெறி வாங்கியும் அவை சாயங்காலமே திரும்பி வந்துவிட்டன. உன்மேல் நான் கல் எறியவில்லையே.

பிள்ளைகளுக்கு என் ஆசி. பேருந்து வந்து நிற்கும் இடத்தில் தினமும் நிற்பேன்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் வீட்டுக்காரன்