சாயம் பூசிய குருவி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? என் அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு இனக் குருவிகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கழுத்து கறுப்பு, மற்றதற்குப் பழுப்பு. மரபணுவை முழுக்கப் படித்தாலும் நிறத்துக்கான இரண்டொரு இடத்தில்தான் வித்தியாசம். ஆனால் நிறம் பார்த்துத்தான் ஜோடி சேரும். அதனாலேயே இரண்டு இனமாக நிற்கின்றன.

போன வாரம் சோதனைக்காகச் சில குருவிகளுக்குச் சாயம் பூசும்போது, கால்வளைய எண்ணைத் தவறாகப் படித்து, கூட்டில் முட்டை இருந்த ஒரு கறுப்புக் கழுத்துக்காரனுக்குப் பழுப்புச் சாயம் பூசிவிட்டேன். அவன் ஜோடியே அவனைக் கொத்தி விரட்டியது. “இறகு உதிர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அவன் குடும்பம் நடத்தின மாதிரிதான்” என்றார் எங்கள் ஆய்வுக்கூட மேடம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் மூலையில் உட்கார்ந்து பாடினான். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு கூட்டில் நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றைக்கு வீடியோவில் என் நரைத்த தாடியைப் பார்த்து, “யாரும்மா இந்தத் தாத்தா?” என்று பாப்பா உன் பின்னால் ஒளிந்தாளே. இனி கேமராவை அணைத்துவிட்டே பேசுகிறேன். அவள் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வை.

குருவிகளுக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது. எனக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் பாடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்