கறுப்புக் கட்டையில் தூசி

நவம்பர் 23, ஞாயிறு

வந்துட்டு! கிறிஸ்துமஸ் பாட்டு முழுசும், நிறுத்தாமல்! யூடியூப் அண்ணன் சொன்னபடி கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை அமுக்கினால் போதும். சுருதி தானாக ஏறிவிடும், விரல் வெள்ளைக் கட்டையிலேயே ஓடும். மனுசன் தெய்வம்.

அம்மா, தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப் போட்ட, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் கீபோர்டைத் துடைத்தாள். "கறுப்புல எம்புட்டு தூசி பாரு. இதெல்லாம் சும்மாவா வச்சிருக்கான்?"

அவளுக்கு என்ன தெரியும்.

நவம்பர் 26

காலேஜில் என் தோழி ஹெப்சிபாவிடம் வீடியோவைக் காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாராம். "ஏட்டி, கிறிஸ்துமஸ் புரோகிராமுக்கு நீ வாரியா?"

நானா! மேடையிலா!

நவம்பர் 30, ஞாயிறு

மானம் போச்சு. சர்ச் கீபோர்டு பழசு, டிரான்ஸ்போஸ் பட்டன் செத்துக் கிடக்கு. வழக்கம்போல வெள்ளையில் வாசித்தேன். பாடிய பிள்ளைகள் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. முதல் வரி எடுக்கும் ஷெரின் அடக்க முடியாமல் சிரித்தாள்.

பாட்டு சொல்லிக்கொடுக்கும் வினோத் அண்ணன், கறுப்பையும் சேர்த்து எண்ணி மூன்று கட்டை தள்ளி ஆரம்பிக்கச் சொன்னார். தள்ளினால் கறுப்பு. அங்கே என் விரல் போனதே இல்லை.

"பதினாலாம் தேதி பாப்போம்மா. வரலேன்னா ரெக்கார்டு பண்ணின டிராக் போட்டுக்கிடுவோம்."

ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் அழுகை. இத்தனை நாள் வாசிச்சது நானா, அந்தப் பட்டனா?

டிசம்பர் 1

வீட்டுக் கீபோர்டில் அந்தப் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டியாச்சு.

டிசம்பர் 4

முதல் வரியே வரல. கை நண்டு மாதிரி ஓடுது. விட்டுரலாமா? ஹெப்சிபாகிட்ட காய்ச்சல்னு சொல்லிரலாமா?

டிசம்பர் 6

வீடியோவை மூடிவிட்டு, வாயால் பாடிப் பாடி, கட்டையைக் காதால் தேடினேன். ரெண்டு வரி!

டிசம்பர் 11

முழுப் பாட்டும் வருது. விளையாட்டாக இன்னும் ஒரு கட்டை ஏத்திப் பார்த்தேன். தடுமாறித் தடுமாறி அதுவும் வருது — எப்படி?

டிசம்பர் 14, ஞாயிறு

வினோத் அண்ணன் டிராக் வேண்டாம்னுட்டார்!!!

டிசம்பர் 21, ஞாயிறு

புரோகிராம். நான் சுருதி கொடுப்பதற்கு முன்னாடியே ஷெரின் பதற்றத்தில் பாட ஆரம்பித்துவிட்டாள், ஒரு கட்டை மேலே. வினோத் அண்ணன் முகம் வெளிறி என் பக்கம் திரும்பியது. யோசிக்க நேரமில்லை. கை தானாக ஏறி, ரெண்டாவது வரியில் அவளைப் பிடித்துவிட்டது.

இறங்கியதும் ஷெரின் கேட்டாள். "நான் சரியாத்தான எடுத்தேன்?"

"சரியாத்தான் எடுத்த" என்றேன்.

வீட்டில் அம்மா காஸ் துணியோடு வந்தாள். கறுப்புக் கட்டைகள்மேல் ஒரு இழு இழுத்துவிட்டுத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.