விதைச் சோளம்

ஜூன் 12
சோளம் விதைத்து நாலு நாள். பொறுக்க முடியாமல் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "கிழங்கு தோண்டின கை சும்மா இருக்குமா!" என்று ஒரே சிரிப்பு.

மலையில் தோண்டினால் அன்றைக்கே அடுப்புக்கு ஏதாவது சிக்கும். இங்கே இருப்பதையும் மண்ணில் போட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்து உட்கார வேண்டுமாம். பெரிய வேட்டைக்காரர் என்று பேர் வாங்கிய மனுஷன், விடிந்தால் களைக்கொத்தைத் தேடுகிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

ஜூலை 2
மலையிலிருந்து இறக்கி அரசாங்கம் கொடுத்த வீடு. நாலு சுவர். கண்ணைத் திறந்தால் நேற்றைய அதே சுவர். ஹாஸ்டலில் கற்ற எழுத்து இதைப் புலம்பவாவது உதவுகிறது.

ஆகஸ்ட் 19
மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மலைக்கே கிளம்பிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஓடை தாண்டியதும் ஒரு நினைப்பு — இந்நேரம் பன்றி வயலுக்குள் இறங்கியிருந்தால்? திரும்பிவிட்டேன். ச்சே! யார் என்னைக் கட்டிப் போட்டது?

அக்டோபர் 5
அறுவடை முடிந்தது. நல்ல கதிராகப் பொறுக்கி, ஒரு மூட்டை கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டார். அடுத்த விதைப்புக்காம்.

ஏப்ரல் 17
தம்பி வந்தான், மனைவியும் பிள்ளையுமாக. மலையை விட்டு இறங்கவே மாட்டேன் என்றவன். மலையில் இந்த வருஷம் ஒன்றுமில்லையாம். பிள்ளைக்கு விலா எலும்பு தெரிகிறது. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்டோம்.

ஏப்ரல் 30
பானை காலி. தம்பி உத்தரத்தைக் காட்டினான். "அதோ தொங்குதே, அக்கா."

"அது சாப்பாடு இல்லடா, விதை" என்றார் அவர்.

"வேகவெச்சா வேகும்தானே மாமா? அடுத்த வருஷப் பசிக்கு இருக்கு, இன்னிக்குப் பசிக்கு இல்லையா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மகளைப் பெற்றுக் கிடந்தபோது, தான் பட்டினி கிடந்து எனக்குக் கறி கொண்டுவந்தவன் தம்பி. அதெல்லாம் மறந்தா போச்சு? மறக்கல. இருந்தும் என் வாயில் வந்தது ஒன்றுதான்: "அத மட்டும் தொடாதடா."

மே 1
விடிந்து பார்த்தால் மூவரும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

மே 2
பிள்ளைக்கு ஒரு கைப்பிடியாவது அவிழ்த்திருக்கலாம். ஒரு கைப்பிடி! அவர் கூலி வேலை தேடிக் கிளம்பிவிட்டார். சோறு இறங்கவில்லை — இறங்க, சோறு எங்கே இருந்தது?

ஜூன் 10
நல்ல மழை. ஒரு மணி மிச்சமில்லாமல் விதைத்தோம். வரிசை பிடித்து நான்தான் போட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

அக்டோபர் 21
வீடு கொள்ளாத சோளம். மத்தியானம் வேலிக்கு வெளியே யாரோ இருமினார்கள். தம்பி. தகர டின்னில் தேன். பிள்ளை தேறிவிட்டானாம், கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. "உள்ள வாடா" என்றேன். வரவில்லை. டின்னை வேலிமேல் வைத்துவிட்டுக் கேட்டான்:

"இதுக்கு எவ்வளவு சோளம் குடுப்பே?"

பிறந்ததிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கேட்காத கேள்வி. அவர் வயலில் இருந்தார். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு படி."

அவன் மூன்று கேட்டான். இரண்டரையில் முடிந்தது.